கடைசி வளைவில் நான் கத்தியது

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதத்தை நீ ஒரே இருப்பில் வாசித்து முடிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன் நீ. ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் என்னுடைய ஆங்கிலம் வேலை இடத்து ஆங்கிலம். முதியோர் இல்லத்தில் யார் மருந்து குடித்தார், யார் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று எழுதுவதற்கு அது போதும். இதை எழுதுவதற்குப் போதாது. விளங்காத இடங்களில் அப்பாவுக்குப் போன் எடுத்துக் கேள். அடுத்த ஓட்டத் தெரிவுப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை என்று அப்பா சொன்னார். நீ இன்னும் பெயர் கொடுக்கவில்லை என்றும் சொன்னார். அதற்கு முன்பு நீ இதை வாசித்துவிட வேண்டும். இதன் பிரதி ஒன்றை இங்குள்ள தமிழர் ஆண்டு மலருக்கும் கொடுக்கப் போகிறேன். நான் செய்த பிழையை இந்த நகரத்தில் நான் மட்டும் செய்திருக்க மாட்டேன்.

ஐந்து வாரத்துக்கு முன்பு நீ அப்பாவின் போனுக்கு அனுப்பிய செய்தி இன்னும் அதில் இருக்கிறது. “ஓட்டம் இனிக் காணும், விட்டிட்டன். அம்மாவை நிம்மதியா இருக்கச் சொல்லுங்கோ.” அப்பா அதை ஆங்கிலத்தில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு நீ எனக்குப் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் நீ கேட்கப்போவது ஒரு கேள்விதான். அன்று மைதானத்தில் கேட்டாயே, அதுதான். அதற்கு அன்று நான் சொன்னது பொய்.

முதலில் உனக்குத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்குகிறேன். உனக்கு நான்கு வயது. அப்போது நாங்கள் ஓக்லண்டில் ஏவன்டேல் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு வரும்போது வாசலில் ஒரு பொலிஸ் கார் நின்றது. நீ என் கையை உதறிவிட்டு அதைப் பார்க்க ஓடினாய். நான் கீரைக் கட்டைப் போட்டுவிட்டு வந்து உன்னைப் பிடித்தேன். அன்றைக்குப் பின்னேரமே வீட்டுக் கொரிடோரில் வைத்து உனக்குப் பழக்கத் தொடங்கினேன். யூனிஃபோர்ம் போட்டவர்கள் நிற்கிற இடத்தில் ஓடக் கூடாது. மெதுவாக நடக்க வேண்டும். கை இரண்டும் வெளியே தெரிய வேண்டும். தொப்பி போட்டிருந்தால் கழற்ற வேண்டும். நான் “நடந்து வா” என்று சொன்னால், எங்கே நின்றாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும், அந்த நிமிடமே நடக்க வேண்டும். உனக்கு அது விளையாட்டு. நான் கொரிடோரின் ஒரு முனையில் நின்று “நடந்து வா” என்பேன். நீ கைகளை விரித்துக்கொண்டு சிரித்தபடி நடந்து வருவாய். வந்து சேர்ந்தால் ஒரு பிஸ்கட். கிண்டர்கார்டனுக்கு ஒருநாள் தீயணைப்பு வண்டி வந்ததாம். எல்லாப் பிள்ளைகளும் ஓடிப்போக, நீ மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்து போனாயாம். உன் ஆசிரியை அதைச் சொல்லி, “எவ்வளவு மரியாதையான பிள்ளை” என்று என்னைப் பாராட்டினார். நானும் நன்றி சொன்னேன்.

அப்படி வளர்த்த பிள்ளை ஓட்டக்காரனாக வந்தால் தாய் என்ன செய்வாள்? கண்டும் காணாததுபோல இருந்தேன். இன்டர்மீடியட் பள்ளியில், பதினொரு வயதில், நீ குறுக்கோட்டத்தில் முதலாவதாக வந்த அன்று, நீல ரிப்பனைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாய். நான் பெட்டியைக் கழுவித் துடைத்து, ரிப்பனைத் திரும்ப அதற்குள்ளேயே வைத்தேன். அடுத்த நாள் காலையில் அதை எடுத்துப் பார்த்துவிட்டு நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பக்குரங்காவுக்கு வீடு மாறி வந்த பிறகு ஒவ்வொரு நாளும் விடிய நீ சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடுவாய். எங்கள் கேற்றிலிருந்து தெரு வளைகிற இடம் வரை நடப்பாய். வளைவு தாண்டி, வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது என்ற இடத்தில்தான் ஓடத் தொடங்குவாய். அது எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிறாயா? ஒருநாள் பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வளைவுக்கு அப்பால் இருக்கிற டெய்ரிக் கடை முன்னால் போய் நின்று பார்த்தேன். என் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவதற்காக ஒரு பிள்ளை ஒவ்வொரு நாளும் இருநூறு அடி நடக்கிறான். அதைப் பார்த்த பிறகும் பால் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம் நீ எடுத்த முடிவைச் சொன்ன நாளும் உனக்கு ஞாபகம் இருக்கும். இடியப்பமும் சொதியும். நீ மூன்று நாளாக யோசித்துவிட்டுத் தமிழிலேயே சொன்னாய்.

“அம்மா, நான் ஆமி அகாடமிக்கு மாறுறன். ட்ரான்ஸ்ஃபர் ஓகே ஆயிட்டுது. டிகிரி அங்கையே முடிக்கலாம்.”

“எந்த ஆமி?” என்று கேட்டேன்.

நீ சிரித்தாய். “நியூசிலாந்து ஆமிதான். வேற எந்த ஆமி என்னை எடுக்கும்?”

நான் எழும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அப்பா பின்னால் வந்து, “அவன் போறது வேற ஆமி, நீ நினைக்கிறது வேற ஆமி” என்றார். “உடுப்பு ஒண்டுதானே?” என்றேன். உனக்கு அது கேட்டது. உன் நண்பன் ஒருவனின் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது ட்ரக்கில் வந்து இறங்கிய ஆமிக்காரர்கள் அவனுடைய அம்மம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்ததை நீ எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாய். அன்றும் அதையே மறுபடி சொன்னாய். “அவை உதவி செய்யத்தான் வந்தவை, அம்மா.” ஓம், தம்பி. நீ பார்த்தது உண்மை. நான் பார்த்ததும் உண்மை. என்னுடையதைச் சொல்லாமல் உன்னுடையதை மட்டும் பொய்யாக்கப் பார்த்தேன்.

அங்கே போன பிறகு நீ ஓட்டத்தை விட்டுவிடுவாய் என்று உள்ளூர நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, விரும்பினேன். முதல் வாரங்களில் உங்களுக்குப் போனே தரவில்லை. பிறகு நீ எடுத்த முதல் போனில், சாப்பாடு எப்படி என்று நான் கேட்க, நீ ஓட்டத்தைப் பற்றியே கதைத்தாய். “பூட்ஸோட ஓடுறம், அம்மா. முதுகில இருவது கிலோ. அது முடிய நான் என்ர சப்பாத்தைப் போட்டுக்கொண்டு திரும்பவும் ஓடுறன். எல்லாரும் எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு சொல்லுறாங்கள்.” யூனிக் கோச் உனக்கு இன்னமும் பயிற்சி அட்டவணை அனுப்புகிறார் என்றாய். உங்கள் அதிகாரி வைத்த நிபந்தனையையும் சொன்னாய். ஓக்லண்டில் நடக்கிற தெரிவுப் பந்தயத்தில் முதல் இரண்டு பேருக்குள் வந்தால், சனிக்கிழமைகளில் உன்னை விடுவார்கள். கோச்சிடம் போய்ப் பயிற்சி எடுத்து, பல்கலைக்கழகங்களுக்கான போட்டிகளில் தொடர்ந்து ஓடலாம். வராவிட்டால் மற்றவர்களோடு சேர்ந்து டிரில், அவ்வளவுதான். “நீங்கள் வாறீங்களோ, அம்மா?” என்று கடைசியில் கேட்டாய். உன் வாழ்க்கையில் முதல்தரம் கேட்டாய். வளைவுக்கு அப்பால் ஓடிய பிள்ளை என்னைப் பார்க்க வரச் சொல்கிறான். ஓம் என்றேன்.

எவ்வளவு ஆசையோடு வந்தேன் தெரியுமா? ஒரு புதுக் கொப்பியும் ஒரு ஸ்டொப்வாட்சும் வாங்கினேன். முதல் பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டேன். ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் என்றால் முதலில் முக்கால் சுற்று, பிறகு மூன்று முழுச் சுற்று. ஆகவே நேரம் எழுத நான்கு கட்டம். அப்பா பார்த்துவிட்டு, “உனக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார். புத்தகத்தில் வாசித்தேன் என்றேன். மைதானத்தில் ஒரே காற்று. அப்பா தேத்தண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, “ஓட்டம் தொடங்க இப்ப வெடி வைப்பினம், பயப்பிடாதை” என்று சொல்லி என் கையைப் பிடித்தார். வெடி கேட்டது. நான் பயப்படவில்லை. கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அகாடமிக் கூட்டாளிகள் பத்துப் பேர் வான் வண்டி பிடித்து வந்திருந்தார்கள். எல்லோரும் பச்சைப் புள்ளி உடுப்பு. கடைசி வளைவின் ஓரமாக வரிசையாக நின்றார்கள். அதில் உயரமான ஒரு மாவோரிப் பெண் என்னிடம் வந்து, “நீங்கள்தானே அகியின் அம்மா?” என்று கேட்டு, தன் மடக்குக் கதிரையை விரித்துக் கொடுத்தாள். “இருங்கோ ஆன்ட்டி, இங்கை இருந்தாத்தான் அவன்ர முகம் தெரியும்” என்பதுபோல ஏதோ சொல்லி, நான் சேற்றில் வழுக்காமல் முழங்கையைப் பிடித்து இருத்தினாள். அந்த உடுப்பின் கை என்மேல் பட்டதும் எழும்பப் பார்த்தேன். ஆனாலும் இருந்தேன். உனக்காக இருந்தேன். முதல் கட்டம் எழுதினேன். இரண்டாவது எழுதினேன். மூன்றாவது எழுதும்போது நீ இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தாய். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். என் கையெழுத்து அப்படியே பள்ளிக்கூடக் காலத்துக் கையெழுத்தாக மாறியிருந்தது. இலக்கங்கள் வட்டம் வட்டமாக, கவனமாக.

நீ கடைசி வளைவுக்கு வந்தபோது அவர்கள் பத்துப் பேரும் ஒன்றாகப் பாய்ந்து கம்பி ஓரத்துக்கு வந்து, கைகளை நீட்டிக் கத்தினார்கள். உன்னை உற்சாகப்படுத்தத்தான். இப்போது தெரிகிறது. அந்த நேரத்தில் நான் கண்டது ஆமி உடுப்புப் போட்ட பத்துப் பேரையும், அவர்களை நோக்கி ஓடிவருகிற ஒரு பெடியனையும் மட்டும்தான். நான் கதிரையிலிருந்து எழும்பி, “ஓடாதை! நடந்து வா! நடந்து வா!” என்று கத்தினேன்.

நீ நடந்தாய், தம்பி.

இரண்டு அடி. கைகள் இரண்டும் உடம்பிலிருந்து விலகி, விரல்கள் விரிந்து. ஏவன்டேல் கொரிடோரில் நடந்த அதே நடை. பிறகு திடுக்கிட்டு மறுபடி ஓடினாய். அதற்குள் பின்னால் வந்தவன் உன்னைத் தாண்டிவிட்டான். மூன்றாவதாக முடித்தாய்.

ஓட்டம் முடிந்து வந்து என் முன்னால் நின்றாய். மூச்சு வாங்கியது. முதலில் ஆங்கிலத்தில் ஏன் என்றாய். பிறகு எனக்கு விளங்காமல் போய்விடக் கூடாது என்பதுபோலத் தமிழில் கேட்டாய்: “வேணுமெண்டுதானே செய்தனீங்கள்?” நான் சொன்னேன், “எனக்குக் காய்ச்சல் காயுது, தம்பி. என்ன கத்தினனெண்டே தெரியேல்லை.” நீ என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாய். வியர்வையில் நனைந்த கை. நெற்றி குளிர்ந்துபோய் இருந்தது. கையை எடுத்துக்கொண்டு, கூட்டாளிகளின் வான் வண்டிப் பக்கம் போனாய். அந்தப் பெண் பிள்ளை மட்டும் திரும்பி வந்து கதிரையை மடித்து எடுத்துக்கொண்டு, “பை, ஆன்ட்டி” என்றாள்.

காய்ச்சல் என்று நான் உனக்குப் பொய் சொன்னது இது இரண்டாவது தரம். முதல் தரம் நீ ஆறாம் வகுப்பில் குடும்ப மரம் வரைந்தபோது. என் பக்கத்துக் கிளையில் ‘மாமா’ என்று ஒரு வட்டம் போட்டுவிட்டு, “மாமா எப்பிடிச் செத்தவர்?” என்று கேட்டாய். “காய்ச்சல்” என்றேன். நீ ஆங்கிலத்தில் அழுத்தி எழுதினாய். உன் மனதில் யார்மீதும் கோபம் வளரக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி அப்பாவுக்கும் போன மாதம்வரை தெரியாது.

என் அண்ணா ஓட்டக்காரன். ஊரில் சண்டை நடந்த காலம்; எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றரில் அவனை வெல்ல ஆள் இல்லை. அவனுக்குப் பதினேழு, எனக்குப் பதினைந்து. நான் எந்த நேரமும் புத்தகமும் கையுமாகத் திரிகிறவள். என்னால் ஓட முடியாது; ஆனால் எண்ண முடியும், எழுத முடியும். அப்பாவின், அதாவது உன் தாத்தாவின் பழைய கைமணிக்கூட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பின்னேரமும் மைதானத்து ஓரத்தில் நின்று அவன் ஓடுகிற சுற்றுகளைக் கொப்பியில் எழுதுவேன். கட்டம் போட்டு, கவனமாக. “நீ என்ர கோச்சடி” என்பான். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்கு எப்படிச் சொல்வேன்.

வட்டாரப் போட்டி நடந்த நாள் காலையில் இருவரும் பஸ்ஸுக்குப் போனோம். சந்தியில் ஆமியின் காவலரண், சென்றி என்போம், இருந்தது. மண்மூட்டைகளும் ஒரு தகரக் கூரையும். அதைத் தாண்டும்போது எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு, தொப்பி கழற்றி, மெல்ல நடக்க வேண்டும். பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விதி அது. பஸ் சென்றிக்கு அப்பால் நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். எனக்கு நேரம் சரியாகத் தெரியும், அதுதான் என் வேலை. “அண்ணா, இன்னும் ஒரு நிமிசம்தான் இருக்கு. ஓடு. நீ ஓடிப்போய் பஸ்ஸை மறி, நான் பின்னால வாறன்.” அவன் சென்றியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “ஓடண்ணா” என்றேன் மறுபடியும். அவன் ஓடினான். நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். அதற்கு மேல் எழுத மாட்டேன். அந்தச் சத்தம் கேட்டபோது நான் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சுட்டவனைப் பிறகு கண்டேன். மண்மூட்டைக்கு வெளியே வந்து நின்றான். மீசை சரியாக முளைக்கவில்லை. துவக்கை எப்படிப் பிடிப்பதென்று தெரியாதவன்போல மாற்றி மாற்றிப் பிடித்தான். அவனை நான் இத்தனை வருடமும் வெறுத்தேன். வெறுப்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறது, அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் நீ அந்த உடுப்பைப் போட்டு எடுத்த முதல் படத்தை அனுப்பியபோது, எனக்கு அண்ணாவின் முகம் வரவில்லை. அவன் முகம்தான் வந்தது. அதே வயது. அதற்காகத்தான் அந்தப் படத்தைப் பற்றி நீ இரண்டுதரம் கேட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னை அவனோடு வைத்துப் பார்த்ததற்கு என்னை மன்னித்துக்கொள். உனக்கு அங்கே துவக்குப் பிடிக்கப் பழக்குவார்கள். பயந்துபோன பிள்ளையின் கையில் துவக்கு இருந்தால் என்ன நடக்கும் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் உனக்கு நான் சொல்லுகிற ஒரே புத்தி இதுதான்: உன்னை நோக்கி யாராவது ஓடிவந்தால், அவன் பஸ்ஸுக்குக்கூட ஓடலாம் என்று முதலில் நினை.

ஆகவே, நீ கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை, வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அன்று கடைசி வளைவில் நான் தவறிக் கத்தவும் இல்லை. பதினைந்து வயதில் சொல்லியிருக்க வேண்டியதை உனக்குச் சொன்னேன். அண்ணா கேட்டிருக்க வேண்டியதை நீ கேட்டாய். அதனால் உன் இடம் போய்விட்டது. அவனுக்கு நான் சொன்ன சொல்லும் பிழை, உனக்கு நான் சொன்ன சொல்லும் பிழை. இரண்டையும் ஓடுகிறவன் நம்பினான்.

போன வாரம் உன் குடும்ப மரத்தைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்தேன். மாமாவின் வட்டத்துக்குள் நீ பென்சிலால் எழுதியதை அழித்தேன். நீ அழுத்தி எழுதுகிறவன். அழித்த பிறகும் தடம் தெரிகிறது. அதன் மேலேயே அவனுடைய நேரத்தை எழுதினேன். நான்கு நிமிடம் இருபத்தொரு செக்கன், வெறுங்காலோடு, மணல் தரையில். இடம்பெயர்ந்தபோது கொப்பி தொலைந்துவிட்டது. இலக்கம் தொலையவில்லை. நீ அவனைவிட வேகமாக ஓடுகிறாய் என்பதை உன் முதல் மூன்று கட்டங்களைக் கூட்டிப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அதை அண்ணாவுக்குச் சொல்ல ஊரில் எங்கள் வீட்டில் இப்போது அவன் இல்லை. இருந்திருந்தால் அவன் உன்னை ஒரு பந்தயத்துக்குக் கூப்பிட்டிருப்பான், இந்த வயதிலும்.

வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடு, தம்பி. எனக்காக ஓட்டத்தை விடாதே. எனக்காக ஓடவும் வேண்டாம். நான் வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. குசினியில் அடுப்புக்கு முன்னால் தனியே நின்று அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்க்கிறேன், “ஓடு” என்று. அப்பா வந்து, “ஆரோட கதைக்கிறாய்?” என்கிறார். குசினியில் வாய் வருகிறது. அந்த வளைவில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. என் வாயை நம்பி உன்னை ஓடவிட இனி மாட்டேன்.

அப்பா வருவார். கொப்பியை அவரிடம் கொடுத்துவிடுகிறேன், புதுப் பக்கத்தில் நான்கு கட்டமும் போட்டு. அந்த மடக்குக் கதிரைப் பிள்ளை வந்தால் அவளுக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் உன் அப்பாவை உனக்குத் தெரியும். அவருக்கு ஸ்டொப்வாட்ச் பிடிக்கத் தெரியாது. உன்னைக் கண்டதும் எழும்பி நின்று கை தட்டுவார், பொத்தானை அமத்த மறந்துபோவார், பிறகு கட்டத்தில் வாயில் வந்ததை எழுதிக்கொண்டு வருவார். அது சரிவராது. நான் வீட்டில் போனுக்குப் பக்கத்தில் பேனையோடு இருப்பேன். கடைசிச் சுற்றின் சரியான நேரத்தை நீயே எனக்குப் போன் எடுத்துச் சொல்லு.

அம்மா